கரையான் புற்றும் கிராமக் கட்டடமும்

வரப்போரத்துக் கரையான் புற்றைப் பாம்பின் இருப்பிடமாகவே எண்ணி, பால் வார்த்துவிட்டு ஒதுங்கிச் செல்வது நமது வழக்கம். கட்டடம் கட்டுவோருக்கு அதில் ஒரு பாடம் உண்டு.

கரையானுக்குச் சூளை கிடையாது. மண்ணும் உமிழ்நீரும் போதும். நாமோ சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுடுகிறோம். கட்டி முடித்த பின்னர் உள்ளே புழுங்காதிருக்க மின்சாரமும் செலவிடுகிறோம்.

புற்றின் அடியில் கரையான்கள் பூஞ்சை வளர்க்கின்றன. மழைக்குப்பின் நாம் பறித்துவரும் புற்றுக்காளான் அதிலிருந்து எழுவதே. பூஞ்சையும் பூச்சிகளும் மூச்சுவிடுவதால் உள்ளே கரியமில வாயு சேரும். அது எவ்வாறு வெளியேறுகிறது? நம் நாட்டுப் புற்றுகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2015-ஆம் ஆண்டு இதற்கு விடை தந்தனர். விலா எலும்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் வெளிமடிப்புகள் பகலில் விரைந்து சூடேறுகின்றன. அவற்றினுள் காற்று மேலெழ, நடுக்குழாயில் கீழிறங்குகிறது. இரவில் மடிப்புகள் குளிர்ந்ததும் இவ்வோட்டம் தலைகீழாகிறது. வாயு, நுண்துளைகள் நிறைந்த மண்சுவர் வழியே கசிந்து போகிறது.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வேயின் தலைநகரான ஹராரேயில், 1996-இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் என்னும் பெருங்கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் புற்றை மனத்திற்கொண்டு அமைத்தார். இரவின் குளிர்காற்றை விசிறிகள் உள்ளிழுத்துக் கான்கிரீட் தளங்களைக் குளிர்விக்கின்றன. பகலில் தளங்கள் அறையின் வெப்பத்தை ஏற்கின்றன. சூடான காற்று கூரைமேலுள்ள புகைபோக்கிகளால் வெளியேறுகிறது. வழக்கமான குளிர்சாதன அமைப்பு அங்கில்லை. ஆனால் ஹராரே மேட்டுநிலம், இரவு குளிரும். நம் கடலோரக் கோடை இரவுகள் அவ்வாறல்ல. ஆகவே அதனை அப்படியே பின்பற்றலாகாது. குளிர்ந்த காற்றுக்குத் தாழ்வில் ஒரு வழி, சூடான காற்றுக்கு உயரத்தில் ஒரு வழி என்னும் விதி மட்டும் எங்கும் பொருந்தும்.

இதை நாம் பட்டே அறிந்தோம். நமது வட்டாரக் கிராமமொன்றில் அங்கன்வாடிக் கட்டடம் எழுந்தபோது, செலவைக் குறைக்கக் கூரையடித் துவாரங்கள் நீக்கப்பட்டன. அம்மதிப்பீட்டில் கையொப்பமிட்டவர் நாமே. சித்திரையில் நடுப்பகலுக்கு முன்பே குழந்தைகளை வேம்படிக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. பின்னர் இருபுறச் சுவரையும் உடைத்துத் துவாரம் வைத்தோம். வெப்பம் அடியோடு நீங்கிவிடவில்லை. எனினும் குழந்தைகள் உணவுக்குப்பின் உள்ளேயே உறங்குகின்றனர்.

அடுத்த கட்டட வரைபடம் பஞ்சாயத்துக்கு வரும்போது, சூடான காற்று எவ்வழியே போகும் என்று அங்கத்தினர்கள் கேட்டல் வேண்டும். மின்விசிறி இருக்கிறதென்று பதில் வந்தால், வரைபடத்தைத் திருப்பியனுப்பத் தயங்க வேண்டாம். துவாரத்திற்குக் கம்பிவலை அடிக்கவும் மறவாதீர்கள். இல்லையேல் கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதைதான்.