வீடு உடையவில்லை, பிடுங்கிக்கொண்டு வந்தது! மர வீடுகளைத் தரையோடு இறுக்கிப் பிடிக்கும் ஜப்பான்

1995 ஜனவரி 17, அதிகாலை 5.46 மணி. ஜப்பானின் கோபே நகரத்தில் பெரும்பாலானவர்கள் தூக்கத்தில் இருந்தார்கள். 7.3 அளவுள்ள நிலநடுக்கம் ஊரையே உலுக்கிப் போட்டது. கடுமையான குலுக்கல் அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஆனால், அந்தப் பேரிடரில் போன உயிர்கள் 6,434. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் முழுவதுமாக நாசமாகின.

தீ விபத்துகளில் பலர் இறந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால், மிகப் பெரும்பாலானவர்களின் உயிரைப் பறித்தது அவர்களுடைய சொந்த வீடு. பழைய மர வீடுகள் அப்படியே சரிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களை அமுக்கிவிட்டன.

இடிபாடுகளை ஆராய்ந்த பொறியாளர்கள் பல வீடுகளில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். தூண் முறியவில்லை. மரமும் நன்றாகத்தான் இருந்தது. தூணின் அடிப்பகுதி மட்டும், பல்லைப் பிடுங்கியதுபோல, தான் நின்ற இடத்திலிருந்து கழன்று வந்திருந்தது.

பிரச்னை மரத்தில் இல்லை, மரத்தையும் தரையையும் சேர்க்கும் இணைப்பில் இருந்தது!

பீரோவைத் தள்ளிப் பாருங்கள்

நம் ஊரில் வீடு என்றாலே செங்கல், சிமென்ட்தான். ஜப்பானில் தனி வீடுகளில் பெரும்பகுதி இன்றும் மரத்தில்தான் கட்டப்படுகிறது. தரையில் கான்கிரீட் தளம் போட்டு, சுவர் வரும் இடங்களில் மட்டும் அதைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுவார்கள். அந்தக் கான்கிரீட் திட்டின் மேல் படுக்கவாட்டில் ஒரு மரச்சட்டம் வரும். அதன் பெயர் ‘தொதாய்’. இந்த அடிச்சட்டத்தின் மேல்தான் தூண்கள் நிற்கும்.

நிலம் பக்கவாட்டில் ஆடும்போது வீட்டுக்கு இரண்டு ஆபத்துகள். முதலாவது, வீடு கான்கிரீட்டின் மேல் வழுக்கி நகர்ந்துவிடலாம். இரண்டாவதைப் புரிந்துகொள்ள வீட்டில் இருக்கும் பீரோவை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் பகுதியைப் பிடித்துத் தள்ளினால் என்ன ஆகும்? ஒரு பக்கத்துக் கால்கள் தரையை அழுத்தும், மறுபக்கத்துக் கால்கள் மேலே கிளம்பும். மரச்சுவருக்கும் இதே கதிதான். ஒரு முனைத் தூண் அமுங்கும்போது, மறுமுனைத் தூணை ஏதோ ஒன்று மேலே இழுக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுவருக்குக் குறுக்குச் சட்டம் அடித்து எவ்வளவுக்கு எவ்வளவு உறுதியாக்குகிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு தூணை மேலே இழுக்கும் விசையும் கூடும். சுவரை மட்டும் பலமாக்கிவிட்டு, அடியில் பிடிமானம் கொடுக்காமல் விட்டால், அந்தப் பலமே தூணைப் பிடுங்கிவிடும்!

இரண்டு ஆபத்து, இரண்டு போல்ட்

இதற்காக ஜப்பானிய வீடுகளில் இரண்டு வகை போல்ட்கள் வைக்கப்படுகின்றன.

முதல் வகை, சாதாரண ஆங்கர் போல்ட். கான்கிரீட்டில் புதைந்து, அடிச்சட்டத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து, வாஷர், நட்டு போட்டு முடுக்கப்படும். வீடு வழுக்காமல் பிடிப்பது இதன் முக்கிய வேலை. வழக்கமாக 12 மில்லிமீட்டர் தடிமன், கான்கிரீட்டுக்குள் 250 மில்லிமீட்டர் ஆழம். இரண்டு மாடி வரையிலான வீடுகளில், ஒரு போல்ட்டுக்கும் அடுத்ததற்கும் 2.7 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது.

இரண்டாம் வகை, ஹோல்டு-டவுன். கான்கிரீட்டிலிருந்து வரும் 16 மில்லிமீட்டர் போல்ட், அடிச்சட்டத்தையும் தாண்டி மேலே வரும். தூணின் பக்கவாட்டில் பொருத்திய கனமான இரும்புப் பட்டையோடு இணைந்து, தூணையே நேரடியாகக் கான்கிரீட்டோடு கட்டிப்போடும். ஒரு தூணில் ஏறக்குறைய 1 டன் முதல் 3 டன் வரை மேல்நோக்கிய இழுவையைத் தாங்கும்படி இவற்றைத் தேர்வு செய்கிறார்கள். எந்தத் தூணுக்கு எது என்பது கணக்குப் போட்டு முடிவாகும்.

கல்லின் மேல் நின்ற காலம்

பழங்கால ஜப்பானில் தூண்களைத் தட்டையான கற்களின் மேல் சும்மா நிறுத்திவைக்கும் வழக்கம் இருந்தது. 1950-ல் வந்த கட்டடச் சட்டம், அடிச்சட்டத்தை அஸ்திவாரத்தோடு பிணைக்க வேண்டும் என்றது. 1978-ல் மியாகி பகுதியில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, 1981-ல் விதிகள் கடுமையாயின. சுவர்களின் பலத்தைக் கூட்டச் சொன்னார்கள். ஆனால், எந்தத் தூணுக்கு எந்த இரும்பு இணைப்பு என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை. கோபே பேரிடருக்குப் பிறகுதான், 2000-ம் ஆண்டு அதுவும் விதியானது.

அந்த விதிக்குச் சோதனை 2016 ஏப்ரலில் வந்தது. குமாமோதோ பகுதியின் மாஷிகி நகரத்தை, ஜப்பானிய அளவுகோலின் உச்சமான 7-ம் நிலைக் குலுக்கல் இரண்டு முறை தாக்கியது. முதலாவது 14-ம் தேதி, அடுத்தது 16-ம் தேதி. பிறகு அங்கே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதியின் மர வீடுகளைக் கணக்கெடுத்தார்கள்.

* 1981-க்கு முன் கட்டியவை: 759 வீடுகளில் 214 இடிந்து விழுந்தன. அதாவது 28.2 சதவிகிதம்.
* 1981 முதல் 2000 வரை கட்டியவை: 877-ல் 76. அதாவது 8.7 சதவிகிதம்.
* 2000-க்குப் பின் கட்டியவை: 319-ல் 7. அதாவது 2.2 சதவிகிதம்.

ஒரே ஊர், ஒரே குலுக்கல். கட்டிய ஆண்டுதான் வேறு. இடிந்த அந்த 7 புது வீடுகளிலும்கூட, சிலவற்றில் இணைப்புகள் சரியாகச் செய்யப்படவில்லை என்பது தெரியவந்தது.

கான்கிரீட்டில் நாற்று நடலாமா?

போல்ட் வாங்கிவிட்டால் போதுமா? அதை எப்போது வைக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது.

கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே போல்ட்களை அளந்து, ஆடாமல் அசையாமல் நிறுத்திவிட வேண்டும். அப்படிச் செய்தால்தான் கான்கிரீட் அதைச் சுற்றிலும் நன்றாக இறுகிப் பிடிக்கும். ஆனால், வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைக்கும் சிலர், கான்கிரீட்டை ஊற்றிவிட்டு, அது ஈரமாக இருக்கும்போதே போல்ட்டைக் கையால் குத்தி நிறுத்திவிடுவார்கள். ஜப்பானியக் கட்டுமானத் தொழிலாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘தா-உ-எ’. அப்படியென்றால் நாற்று நடவு!

சேற்றில் நாற்றைச் செருகினால் பயிர் வேர் பிடிக்கும். போல்ட்டுக்கு வேர் கிடையாதே! கான்கிரீட்டில் செருகும்போது அதைச் சுற்றி இடைவெளி விழலாம், போல்ட் சாயலாம், போதிய ஆழம் இறங்காமலும் போகலாம். அதனால்தான் அங்கே இந்த நடவு மோசமான வேலைக்கு அடையாளமாகச் சொல்லப்படுகிறது.

இடமும் முக்கியம். அடிச்சட்டத்தின் அகலம் பொதுவாக 105 அல்லது 120 மில்லிமீட்டர்தான். போல்ட் ஓரமாக ஒதுங்கிவிட்டால் மரம் பிளந்துவிடும். போல்ட் சட்டத்தின் இணைப்பில் வந்தாலும், தூணுக்கு நேர் கீழே வந்தாலும் சிக்கல்தான்.

கரையானும் எதிரிதான்

கோபேயில் சரிந்த பல வீடுகளின் அடிச்சட்டங்கள் ஈரத்தில் மக்கியும், கரையான் அரித்தும் கிடந்தன. மரம் பொடியாகிவிட்டால் இரும்பு எதைப் பிடிக்கும்? அதனால், தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் வரை உள்ள முக்கியமான மரங்களைப் பாதுகாக்க விதி இருக்கிறது. அடிச்சட்டத்துக்கு ஹினோகி, ஹிபா போன்ற எளிதில் மக்காத மரங்களையோ, மருந்தேற்றிய மரங்களையோ பயன்படுத்துகிறார்கள். கான்கிரீட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிறு பட்டைகள் வைத்துக் காற்று போக வழி விடுகிறார்கள்.

மரம் காயக் காய லேசாகச் சுருங்கும், நட்டு தளரும். ஆகவே சுவரை மூடுவதற்கு முன் எல்லா நட்டுகளையும் இன்னொரு முறை முடுக்குவது நல்ல தச்சரின் வழக்கம்.

பழைய வீட்டுக்கு வழி உண்டா?

உண்டு. ஏற்கெனவே இறுகிய கான்கிரீட்டில் துளையிட்டு, உள்ளே இருக்கும் தூசியைச் சுத்தமாக எடுத்துவிட்டு, ரசாயனப் பசையோடு போல்ட்டை இறக்கலாம். தூசி மிச்சமிருந்தால் பசை பிடிக்காது. கூடவே சுவரையும் மற்ற இணைப்புகளையும் பலப்படுத்துவார்கள். 1981-க்கு முந்தைய வீடுகளைச் சோதிக்கவும் வலுவூட்டவும் பல நகராட்சிகள் நிதி உதவி தருகின்றன.

இதனால் பலன் உண்டா என்பதை 2005-ல் நேரடியாகவே பார்த்தார்கள். மிகி நகரில் இருக்கும் ‘இ-டிஃபென்ஸ்’ ஆய்வு மையத்தில், 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட ராட்சத ஆட்டும் மேடை இருக்கிறது. அதில் இரண்டு பழைய மர வீடுகளை அருகருகே வைத்தார்கள். ஒன்றை வலுவூட்டினார்கள், மற்றொன்றை அப்படியே விட்டார்கள். கோபேயில் பதிவான அதே குலுக்கலைக் கொடுத்தார்கள். அப்படியே விட்ட வீடு சரிந்தது, வலுவூட்டிய வீடு நின்றது.

மூடுவதற்கு முன் பார்க்க வேண்டும்

ஜப்பானில் புது வீடு விற்பவர்கள், அதன் முக்கியப் பாகங்களுக்கு 10 ஆண்டுகள் பொறுப்பேற்க வேண்டும். அதற்காகக் காப்பீடு எடுப்பது அல்லது பணம் கட்டிவைப்பது 2009 முதல் கட்டாயம். காப்பீடு எடுத்தால், அஸ்திவாரக் கம்பி கட்டி முடித்ததும் ஒருமுறை, வீட்டின் சட்டகம் எழுந்ததும் ஒருமுறை ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். முதல் சோதனை கான்கிரீட் ஊற்றும் முன்பும், இரண்டாவது சுவர் மூடும் முன்பும் நடந்துவிடும்.

வீட்டுக்காரர்களுக்கும் அங்கே சொல்லப்படும் அறிவுரை அதுதான். பெயின்ட் நிறத்தையும் சமையலறை டைல்ஸையும் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய நாள் போய், ஒவ்வொரு போல்ட்டும் வரைபடத்தில் காட்டிய இடத்தில் நிற்கிறதா என்று பார்த்து, கையோடு போட்டோவும் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் அதைப் பார்க்க வழியே இருக்காது.