ஸ்டியரிங்கை நம்பலாமா?

சென்ற டிசம்பரில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து பழைய மாருதி 800 ஒன்றை வாங்கினோம். ரூர்க்கியிலிருந்து முசௌரிக்குப் போய்வர வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. "வண்டி தங்கம்!" என்றார் விற்றவர். எனக்கோ, டேராடூனைத் தாண்டியதும் சுமார் 2,000 மீட்டர் உயரத்துக்கு வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை கண்முன் நின்றது. பிரேக் ஏமாற்றினால் கியரும் கைப்பிரேக்கும் ஓரளவு காக்கும். ஸ்டியரிங் கைவிட்டால் துணைக்கு வேறெதுவும் இல்லை. ஆதலால், சோதித்த பின்பே புறப்படுவது என்றேன்.

இவ்வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பினால், தண்டின் அடியிலுள்ள பினியன் என்ற சிறு பற்சக்கரம், ரேக் என்ற பற்சட்டத்தை இடவலமாக நகர்த்தும். சட்டத்தின் இரு முனைகளிலும் உள்ள டை ராடுகள் முன்சக்கரங்களைத் திருப்பும். அவற்றை இணைப்பவை பந்துமூட்டுகள். தேய்மானம் பெரும்பாலும் அங்கேதான்.

முதற் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டியரிங்கை விரல்களால் மெல்ல இருபுறமும் அசையுங்கள். சக்கரம் அசையாமல் ஸ்டியரிங் மட்டும் நகரும் தூரமே ‘பிளே’. விளிம்பில் அளந்தால், இவ்வகை வண்டியில் அது அரை அங்குலத்தைத் தாண்டலாகாது. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியாயின் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பின்னர் ஸ்டியரிங்கை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். லொடலொடத்தால் எங்கோ தளர்ச்சி உண்டு.

அடுத்தது, சமதரையில் கைப்பிரேக் போட்டு, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துவது. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கடியில் தலையை நீட்ட வேண்டாம்! சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். தளர்ந்து ஆடினால் டை ராடு மூட்டின் மீது ஐயம் கொள்ளலாம். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பேரிங்கோ கீழ்ப் பந்துமூட்டோ தேய்ந்திருக்கும். நண்பர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் பேரிங்குடையது.

எங்கள் ‘தங்கத்தின்’ இடச்சக்கரம் பக்கவாட்டில் ஆடியது. குனிந்து பார்த்தோம். மூட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், மண் புகுந்திருந்தது. நட்டு கழலாமல் காக்க வேண்டிய ஸ்பிளிட் பின் இருந்த துளையில் ஒரு துருப்பிடித்த கம்பித்துண்டு! மலை வளைவில் அது கழன்றிருந்தால், நாங்கள் ஒருபக்கம் திருப்ப, சக்கரம் தன் மனம்போல் போயிருக்கும்.

மூட்டை மாற்றி, சக்கரங்களின் அலைன்மெண்டைச் சரிசெய்து, ஆளில்லாத் தெருவில் மெதுவாக ஓட்டினோம். திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் தானே நேருக்குத் திரும்பியது. பக்கவாட்டில் இழுக்கவும் இல்லை. மார்ச்சில் முசௌரி கண்டோம்.

விற்றவரைப் பொய்யர் என்று சொல்லேன். அவர் குனிந்து பார்த்ததில்லை, அவ்வளவே. விடுமுறைக்கு வண்டி எடுக்கும் நண்பர்களே, நீங்களாவது குனிந்து பாருங்கள். அரைமணி நேரமும் உடன் ஒரு நண்பரும் போதும்.