பிஸ்டல் லைசென்ஸ் இருந்தா ரைஃபிளும் வச்சுக்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

ஏற்காட்டில் காபி தோட்டம், கையில் பிஸ்டல் லைசென்ஸ். அதை வச்சே ரைஃபிளும் வாங்கலாமா? நேரா முடியாது. உரிமத்தில் எந்தத் துப்பாக்கி பதிவாகியிருக்கிறதோ அதற்கு மட்டும்தான் அனுமதி. இன்னொன்று வேண்டுமென்றால் சேலம் கலெக்டரிடம் விண்ணப்பித்து அதையும் சேர்க்க வேண்டும். மொத்தம் 2 தான். 2019 திருத்தத்துக்கு முன்பு 3 வரை வைத்திருக்கலாம்.

அமெரிக்கா மாதிரி 'மறைத்து எடுத்துச் செல்ல' தனி லைசென்ஸ் இங்கே இல்லை. மறைப்பதுதான் இங்கே கட்டாயமே! 2016 ஆயுத விதிகள்படி, பொது இடத்தில் பிஸ்டல் உறைக்குள்ளும், நீளத் துப்பாக்கி அதற்கான பைக்குள்ளும் முழுசா மூடியிருக்கணும். தோளில் தொங்கவிட்டு ஏரிக்கரையில் நடந்தால் சிக்கல்தான்.

உரிமத்தில் இல்லாத துப்பாக்கி வீட்டில் சிக்கினால்? 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தாத்தா விட்டுப்போன நாட்டுத் துப்பாக்கிக்கும் இதே கதைதான்.