ட்ரீட் 7,560 ரூபாயா, 1,178 ரூபாயா? உசிலம்பட்டி அடுப்பில் ஒரு ஃப்ரெஞ்சு விருந்து

இன்க்ரிமென்ட் வந்தா ட்ரீட். வேலை மாறினா ட்ரீட். நிச்சயதார்த்தம் முடிஞ்சா ட்ரீட். நம்ம பட்ஜெட் வீடியோக்கள்ல வாடகை, எஸ்ஐபி, இன்ஷூரன்ஸ் எல்லாத்துக்கும் தனித்தனியா கட்டம் போடுறோம். இந்த ட்ரீட்டுக்கு மட்டும் யாரும் கட்டம் போடுறதில்லை. அது நேரா கிரெடிட் கார்டுல போய் உட்கார்ந்துக்குது.

8 பேரைக் கூட்டிட்டு மதுரையில ஒரு நல்ல ஹோட்டலுக்குப் போறீங்கன்னு வெச்சுக்குவோம். தலைக்கு 900 ரூபாய்னா 7,200. 5 சதவீத ஜிஎஸ்டி 360. மொத்தம் 7,560. இதுக்கு மேல பில்லுல 'சர்வீஸ் சார்ஜ்'னு ஒரு வரி இருந்தா, அதைக் கட்டாயம் கட்டணும்னு சட்டம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலயே இதுக்கு வழிகாட்டுதல் போட்டுடுச்சு. 2025 மார்ச்ல டெல்லி உயர்நீதிமன்றமும் அது சரின்னு சொல்லிடுச்சு. எடுக்க மறுத்தா 1915க்கு போன் போடலாம்.

பிரச்சினை 7,560 இல்லை. அந்த மாசம் 'மினிமம் ட்யூ' மட்டும் கட்டிட்டு விடுறோம் பாருங்க, அதுதான். மாசத்துக்கு 3.5 சதவீத வட்டின்னா 265 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக, பாக்கி கிடக்குற ஒவ்வொரு மாசமும் ஏறக்குறைய 312 ரூபாய். கூடவே, அடுத்து கார்டுல வாங்குற பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. ஒரு மதிய சாப்பாட்டுக்கு இவ்வளவு நீளமான வால்!

அதுக்காக ட்ரீட்டே வேணாம்னு சொல்ல நான் வரலை. நண்பர்களுக்குச் சோறு போடுறது செலவுக் கணக்குல குறைக்க வேண்டிய விஷயம் இல்லை. இடத்தை மட்டும் மாத்துவோம். ஞாயித்துக்கிழமை ஆரப்பாளையத்துல தேனி பஸ் ஏறச் சொல்லுங்க, உசிலம்பட்டியில இறக்கி வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. பிரியாணி வழக்கமா எல்லாரும் போடுறதுதான். நான் சொல்றது ஃப்ரெஞ்சு சாப்பாடு.

சிரிக்காதீங்க. மெனு கார்டுல ஃப்ரெஞ்சுப் பேர் இருந்தாலே விலை ஏறிடுது. ஆனா அந்தப் பேர்களுக்குப் பின்னாடி இருக்கறது பெரும்பாலும் சிக்கனமான வீட்டுச் சமையல்தான். வெங்காய சூப் காய்ஞ்சு போன ரொட்டியையும் வெங்காயத்தையும் வெச்சுப் பொழைச்ச வீடுகளோட சூப். ரட்டட்டூய், தெற்கே நீஸ் நகரத்துப் பக்கம் தோட்டத்துல விளைஞ்ச காய்களை ஒண்ணாப் போட்டு வேகவெச்சது. 'கோக் ஓ வேன்'னு ஸ்டைலா சொல்றது, வயசான முரட்டுச் சேவலை வைன்ல ஊறவெச்சு மணிக்கணக்கா வேகவெச்சு மென்மையாக்குற வித்தை. நாம 'பாம்பே டோஸ்ட்'னு சாப்பிடுறதுக்கு அவங்க வெச்ச பேருக்கு 'வீணாப்போன ரொட்டி'ன்னு அர்த்தம்.

இது நமக்கு ரொம்பத் தூரமான சமையலும் இல்லை. 1674லேயே ஃப்ரெஞ்சுக்காரங்க புதுச்சேரியில கால் வெச்சாச்சு. ஆட்சி கை மாறினது 1954 நவம்பர் 1, சட்டப்படி ஒப்படைச்சது 1962 ஆகஸ்ட் 16. அதுக்குள்ள அங்க இருக்கற தமிழ் வீடுகள்ல 'ரகு'ங்கற ஃப்ரெஞ்சுக் கறிக்குழம்புல பட்டை கிராம்பு ஏறிடுச்சு. அவங்க செஞ்சதைத்தான் நாமும் செய்யப்போறோம்: முறை அவங்களோடது, சரக்கு நம்ம சந்தையோடது.

மெனு நாலே நாலு.

முதல்ல வெங்காய சூப். ஒன்னே கால் கிலோ பெரிய வெங்காயத்தை மெல்லிசா நறுக்கி, 50 கிராம் வெண்ணெய், ஒரு ஸ்பூன் எண்ணெய், உப்பு போட்டு சின்ன அடுப்புல சிம்ல வைங்க. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். வெங்காயம் கருப்பட்டி நிறத்துக்கு வரணும். இதுல அவசரப்பட்டு தீயைக் கூட்டினா கருகி கசக்கும், வேற குறுக்கு வழி கிடையாது. கேஸ் செலவை நினைச்சுப் பயப்படாதீங்க. சின்ன பர்னர் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் கேஸ்தான் குடிக்கும். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய்னா, அது 6 ரூபாய் சொச்சம். நிறம் வந்ததும் ஒரு ஸ்பூன் மைதா தூவி, ரெண்டு லிட்டர் கோழி எலும்பு வடிச்ச தண்ணி ஊத்தி, மிளகு போட்டு 20 நிமிஷம் கொதிக்கட்டும். கறிக்கடையில அதே கோழியோட கழுத்து, எலும்பைத் தனியா கேட்டு வாங்கிக்கோங்க. ரொட்டித் துண்டு மேல சீஸ் துருவி, தோசைக்கல்லுல மூடி போட்டு உருக்கி, சூப்ல மிதக்க விடணும்.

அடுத்து ரட்டட்டூய். கத்திரிக்காய், தக்காளி, குடைமிளகாய், பூண்டு. அவங்க ஊர் சுக்கினிக்குப் பதிலா பிஞ்சுப் பீர்க்கங்காய். ஒவ்வொரு காயையும் தனித்தனியா எண்ணெய்ல வதக்கி, கடைசியில தக்காளியோட சேர்த்து சிம்ல வைக்கறதுதான் இதோட சூட்சுமம். 2007ல வந்த அனிமேஷன் படத்துல எலி வட்ட வட்டமா அடுக்குமே, அது ஹோட்டல் அலங்காரம். வீட்டுக்கு அது தேவையில்லை. எங்க அம்மா ஒரு வாய் வெச்சுட்டு, "ஏப்பா, இது புளி ஊத்தாத கத்திரிக்கா கொத்சுதான?"ன்னாங்க. கத்திரிக்காயே நம்ம பக்கத்துல இருந்து அங்க போனதுதானே, அதனால நான் மறுத்துப் பேசலை.

மூணாவது கோழி. இங்க ஒரு வேடிக்கை. ஃப்ரான்ஸ்ல கிழட்டுச் சேவல்னா வேற எதுக்கும் ஆகாதது. நம்ம ஊர்ல நாட்டுச் சேவல் விலை பிராய்லரைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. அதனால ஒன்றரைக் கிலோ பிராய்லரே போதும். வைனுக்குப் பதிலா, தேனிக்கு அந்தப் பக்கம் விளையுற கம்பம் பன்னீர் திராட்சை அரைக் கிலோ. 2023ல புவிசார் குறியீடு வாங்கின அதே திராட்சைதான். கொதிக்க வெச்சு வடிகட்டின சாறோட ரெண்டு ஸ்பூன் வினிகர் சேருங்க. கறியைச் சிவக்க வறுத்து எடுத்துட்டு, அதே சட்டியில வெங்காயம், கேரட், பூண்டு வதக்கி, ஒரு ஸ்பூன் மைதா தூவி, சாறு ஊத்தி, கறியைத் திரும்பப் போட்டு 40 நிமிஷம் மூடி வைங்க. புதுச்சேரியில வைன் விலை கம்மி, ஒரு பாட்டில் பையில போட்டுட்டு வந்துடலாம்னு யோசிக்காதீங்க. செக்போஸ்ட்ல மாட்டினா கேஸ், அந்தச் செலவுக்கு நான் கணக்குப் போட மாட்டேன்.

கடைசியா க்ரேப். மைதா கால் கிலோ, முட்டை 4, பால் அரை லிட்டர், உருக்கின வெண்ணெய் ஒரு ஸ்பூன், சிட்டிகை உப்பு. கரைச்சு அரை மணி நேரம் வெச்சுட்டு தோசைக்கல்லுல மெல்லிசா ஊத்தி, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் தெளிச்சு மடிங்க. வீட்டுல தோசை ஊத்தத் தெரிஞ்சவங்க யாரோ அவங்க கையில கரண்டியைக் கொடுத்துட்டு நகர்ந்துடுங்க.

இப்ப கணக்கு. நான் போட்ட விருந்துக்கு காய்கறி 270, வெண்ணெய் சீஸ் பால் 275, கோழியும் முட்டையும் 388, ரொட்டி மைதா 105, திராட்சை 50, எண்ணெய் சர்க்கரை எலுமிச்சை கேஸ் எல்லாம் சேர்த்து 90. மொத்தம் 1,178. தலைக்கு 147 ரூபாய். உங்க ஊர் விலைக்கு நூறு இருநூறு கூடலாம், குறையலாம். 2025 செப்டம்பர் 22ல இருந்து வெண்ணெய், சீஸுக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சதும் ஒரு சின்ன உதவி.

ஆனா இந்த 1,178ஐ 10,000 ஆக்கறதும் ரொம்பச் சுலபம். எப்படின்னா, ஓடிஜி அடுப்பு. "நோ காஸ்ட் ஈஎம்ஐ இருக்கே சார்"னு க்ளையன்ட் வீட்டுப் பசங்க சொல்வாங்க. 6,000 ரூபாய் அடுப்பு, 6 மாசம், வட்டி 16 சதவீதம்னு எடுத்துப்போம். வட்டி 270 ரூபாயை முன்னாடியே தள்ளுபடியா கழிச்சுடுவாங்க. ஆனா அந்த 270க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 49 ரூபாய் உங்க தலையில. ப்ராசஸிங் கட்டணம் 199, அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்து 235. 'நோ காஸ்ட்'டோட காஸ்ட் 284 ரூபாய். பூஜ்ஜிய வட்டிங்கறதே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கு. மேல சொன்ன நாலுல எதுக்கும் ஓவன் வேணாம்.

இன்னொரு ஓட்டை, பாட்டில்கள். ஆலிவ் எண்ணெய், ஃப்ரெஞ்சுக் கடுகு, காய்ஞ்ச மூலிகைன்னு ஒரே நாள்ல 1,500 ரூபாய்க்கு வாங்கி, ஒரு ஸ்பூன் எடுத்துட்டு ஷெல்ஃப்ல வைக்கறது. கம்பெனி ஆடிட்ல இதைத்தான் எக்ஸ்பயரி ஆன சரக்குன்னு எழுதித் தள்ளுவோம். தைம் இலைக்குப் பதிலா தொட்டியில இருக்கற ஓமவல்லி ரெண்டு இலையைக் கிள்ளிப் போடுங்க, வாசம் கிட்டத்தட்ட அதே குடும்பம்.

"சரி சார், என் அஞ்சு மணி நேரத்துக்கு விலை?"ன்னு சிலர் கேட்பாங்க. அந்த அஞ்சு மணி நேரத்துல நீங்க ஓவர்டைம் பார்த்துச் சம்பாதிச்சிருப்பீங்கன்னா போடுங்க. ரீல்ஸ் பார்த்திருப்பீங்கன்னா அதுக்கு விலை பூஜ்ஜியம். வெங்காயம் உரிக்க நாலு நண்பர்களை ஒரு மணி நேரம் முன்னாடியே வரச் சொன்னா வேலையும் பிரியும்.

முதல் தடவையே 8 பேருக்கு வேணாம். ஒரு சனிக்கிழமை வீட்டாளுக்கு மட்டும் சூப்பும் ரட்டட்டூயும் பாதி அளவுல செஞ்சு பாருங்க. என்ன செஞ்சாலும் ஓரமா ஒரு ஆழாக்கு அரிசி வடிச்சு, ரசமும் வெச்சிருங்க. எங்க வீட்டு விருந்துல தாத்தா அந்தத் திராட்சைக் கோழியைச் சோத்துல ஊத்திப் பிசைஞ்சு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு. மீதி ரட்டட்டூய் மறுநாள் காலையில டிபன் பாக்ஸ்ல சப்பாத்திக்குத் தொட்டுக்க ஆயிடுச்சு.