கட்டடத் தொழிலாளரும் மன அழுத்தமும்

மேல்தளத்திற்குக் கற்காரை இடும் நாள், கட்டடத் தொழிலாளர்க்குப் பெருஞ்சோதனை. நீர் கலந்த சிமெண்டு விரைவில் இறுகத் தொடங்கும். பணி இடையில் நின்றால் பழைய கலவையோடு புதியது ஒன்றிணையாது. இணைப்பில் நீர் கசிய வாய்ப்புண்டு. ஆகவே, தொடங்கிய தளத்தை அன்றே முடித்தாக வேண்டும். சுடும் வெயில், சாரத்தின் உயரம், மேற்பார்வையாளரின் அவசரம், நாளை வேலை கிடைக்குமா என்னும் ஐயம் ஆகியன ஒருங்கே மனத்தை அழுத்துகின்றன.

இவ்வழுத்தத்தைத் தாங்கும் வழிகளைத் தொழிலாளரே கண்டுள்ளனர். சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவர். ஒருவர் தளர்ந்தால் அடுத்தவர் ஓரடி நெருங்கி நின்று சட்டியை வாங்கிக்கொள்வார். கேலியும் பாட்டும் கைகளுக்குத் தாளம் அமைக்கும். சுண்ணாம்பு இடித்த காலத்துத் தொழிற்பாடல்களும் இப்பயனையே தந்தன. தேநீர் வேளையில் குடும்பக் கவலைகள் பகிரப்படும். இவற்றை விடுத்து மதுவை நாடுவோர், மறுநாள் சாரத்தில் தடுமாறும் இடருக்கு உள்ளாகின்றனர்.

பாட்டு களைப்பை ஆற்றும். கூலி நிலுவையையும் விபத்து அச்சத்தையும் அதனால் போக்க இயலாது. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைக்கப்பட்டது. பதிவு பெற்றோர்க்கு விபத்து, மகப்பேறு, பிள்ளைகளின் கல்வி, முதுமை ஆகியவற்றின்போது அது உதவித்தொகை வழங்குகிறது. உறுதியான சாரம், தலைக்கவசம், உரிய நாளில் கூலி, வாரியப் பதிவு ஆகியன அமையும்போது தொழிலாளரின் மனச்சுமை பெரிதும் குறையும்.