5 வாட் ஏஎம் எவ்வளவு தூரம் போகும்?

ஹாம் ரேடியோ என்றாலே உயரமான கோபுரமும் விலை கூடின பெட்டியும் வேணும்னு ஒரு நினைப்பு இருக்கிறது. கீழ்வேளூர் மாதிரி ஓர் ஊரில், கொல்லையில் இரண்டு தென்னை மரம், ஒரு 12 வோல்ட் பேட்டரி, வீட்டிலேயே பற்றவைத்த சின்ன ஏஎம் டிரான்ஸ்மிட்டர். இவ்வளவுதான் இருக்கிறது என்றால் என்ன செய்ய முடியும்?

முதலில் ஏஎம்மின் கெட்ட கணக்கைப் பார்த்துவிடுவோம். 5 வாட் கேரியர் என்று வையுங்கள். கேரியர் குரலைச் சுமக்கிற அலை மட்டும்தான், அதில் சேதி ஏதும் கிடையாது. முழு அளவில் பேசும்போது அதன் இரண்டு பக்கமும் தலா 1.25 வாட்டுக்குப் பக்கப்பட்டைகள் உருவாகும். மொத்தம் 7.5 வாட். இரண்டு பட்டையிலும் இருப்பது ஒரே குரல் என்பதால், உண்மையில் சேதி சொல்வது 1.25 வாட், அதாவது ஆறில் ஒரு பங்கு. கறிவேப்பிலை வாங்க லாரி எடுத்துப்போன மாதிரிதான். வாயை மூடிக்கொண்டு மைக்கைப் பிடித்திருந்தாலும் கேரியர் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும்.

எஸ்எஸ்பி முறை கேரியரையும் ஒரு பக்கப்பட்டையையும் வெட்டிவிடுகிறது. 6 கிலோஹெர்ட்ஸ் பிடித்த இடம் 3 ஆகிறது. ஹாம்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டதில் ஆச்சரியமே இல்லை.

அப்புறம் ஏஎம் எதுக்கு? கேட்பவருக்காக. எஸ்எஸ்பியைச் சாதாரண வானொலியில் வைத்தால் வாத்து கத்துகிற மாதிரி இருக்கும்; வெட்டியெடுத்த கேரியரைக் கேட்கிற பெட்டியே திரும்ப உண்டாக்கிச் சேர்க்கணும். ஏஎம்முக்கு ஒரு டையோடு போதும். தாத்தா இலங்கை வானொலி கேட்ட சிற்றலைப் பெட்டி பரணில் கிடக்கிறதா? அதன் முள் 7 மெகாஹெர்ட்ஸுக்கு வருமானால், நீங்கள் பேசுவது அதில் தெளிவாகக் கேட்கும்.

தூரத்துக்கு வருவோம். 40 மீட்டர் அலைவரிசைக்கு (இங்கே 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ்) ஆண்டெனா என்பது பக்கத்துக்குப் பத்து மீட்டர் கம்பி, நடுவில் ஒரு கேபிள். அதை எட்டு, பத்து மீட்டர் உயரத்தில் கட்டினால் அலை பெரும்பாலும் நேர் மேலே போகும். தப்பில்லை, அதுதான் நமக்கு வேணும். இருநூற்றைம்பது, முந்நூறு கிலோமீட்டர் மேலே இருக்கிற அயனி மண்டலத்தின் எஃப் அடுக்கில் பட்டு, குடை விரித்த மாதிரி கீழே இறங்கும். தஞ்சாவூர், திருச்சி, சென்னை எல்லாம் அந்தக் குடைக்குள்தான். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போவதால் பகலில் நமக்கு மேலே அயனிச் செறிவு அதிகம். ஐரோப்பாவில் நழுவிப்போகிற நாளில்கூட இங்கே 7 மெகாஹெர்ட்ஸ் திரும்பி வரும். உச்சி வெயிலில் கீழ் அடுக்கு கொஞ்சம் உறிஞ்சிவிடும், அதனால் காலையும் சாயங்காலமும் நல்ல நேரம். பின்னிரவில் பக்கத்து ஊர்கள் காணாமல் போய்த் தூரத்து நிலையங்கள் வந்துவிடும்.

1.25 வாட் தாங்குமா என்பதைத் தீர்மானிப்பது தூரத்தைவிட இரைச்சல்தான். எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாமே சிற்றலையில் கரகரக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி மின்கம்பங்களைச் சாய்த்தபோது, டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. கரண்ட் இல்லாத ஊரில் அந்தக் கரகரப்பும் இருக்காது. சாதாரண நாளில் அமுங்கிப்போகிற சின்னக் குரல் அப்போது மேலே வரும். தென்னை விழுந்துவிட்டால் மூங்கிலில் மூன்று மீட்டர் உயரத்தில் கட்டினாலும் வேலை செய்யும்; கொஞ்சம் சக்தி ஈர மண்ணில் சூடாகப் போகும், அவ்ளோதான். ஆனால் ஐப்பசி இடிமழைக்கு நடுவே ஏஎம்மை நம்பாதீர்கள், மின்னல் வெடிப்பில் பாதி வார்த்தை போய்விடும். இடி கேட்டால் ஆண்டெனாவைக் கழற்றி வைப்பதுதான் புத்தி.

2004 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் குழுவினர் சேதி அனுப்பியது எஸ்எஸ்பியில். ஆபத்து வேலைக்கு இன்றைக்கும் அதுதான் சரி. ஏஎம்முக்கு நான் கொடுக்கிற இடம் வேறு: கையால் கட்டிப் பழக, பெட்டி மட்டும் வைத்திருக்கிற ஊராருக்குக் கேட்க வைக்க.

உரிமம் இல்லாமல் மைக்கைத் தொடக் கூடாது. மத்திய அரசின் தேர்வு எழுதணும், 12 வயது ஆனால் போதும். கட்டுப்பாடுள்ள பிரிவில் தேறினால் விக்டர் யூனிஃபார்ம் 3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். பேசுவதற்கு முன் சில நிமிஷம் கேளுங்கள். எஸ்எஸ்பிக்காரர்கள் பேசுகிற இடத்தில் உங்கள் கேரியர் விழுந்தால், அவர்களுக்கு அது விசில் சத்தம்.