கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு பயாப்சி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்



கர்ப்பப்பையில் கட்டி, அதிக உதிரப்போக்கு, கர்ப்பப்பை இறக்கம் என்று ஆபரேஷன் செய்துகொண்ட தாய்மார்களின் குடும்பத்தார் உதவி கேட்டு நம் டிரஸ்ட்டுக்கு வருகிறார்கள். ஆஸ்பத்திரி பில், மருந்துச் சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கும். பயாப்சி ரிப்போர்ட் எங்கே என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சென்ற ஆண்டு வந்த ஒரு சகோதரியின் ரிப்போர்ட், உறைகூடப் பிரிக்கப்படாமல் ஐந்து மாதம் பீரோவில் இருந்தது. சாதாரணக் கட்டி என்றுதான் ஆபரேஷன் செய்தார்கள். உறைக்குள் இருந்த காகிதத்தில் புற்றுநோய் என்று எழுதியிருந்தது. வலி நின்றுவிட்டது, தையலும் ஆறிவிட்டது, இனி என்ன என்று வீட்டார் இருந்துவிட்டார்கள்.

கர்ப்பப்பைக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உட்சுவரிலோ வாய்ப்பகுதியிலோ இருக்கும் புற்று சில சமயம் ஆபரேஷனுக்கு முன் பிடிபடுவதில்லை. தசையில் உண்டாகும் சார்கோமா என்ற அரிய வகை ஸ்கேனில் சாதாரணக் கட்டி போலவே தெரியலாம். எடுத்த உறுப்பை ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்பி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதியாகும்.

அமெரிக்காவில் ஏமி ரீட் என்ற மயக்க மருந்து மருத்துவருக்கே 2013இல் இது நேர்ந்தது. சாதாரணக் கட்டி என்று நம்பி, கர்ப்பப்பையை வயிற்றுக்குள்ளேயே துண்டு துண்டாக்கும் மார்சலேட்டர் கருவியால் எடுத்தார்கள். பிறகு லேப் ரிப்போர்ட்டில் சார்கோமா என்று வந்தது. அவரும் கணவரும் போராடியதன் பின், 2014இல் அந்நாட்டு எஃப்.டி.ஏ., கட்டிக்காக ஆபரேஷன் செய்துகொள்ளும் சுமார் 350 பெண்களில் ஒருவருக்கு இப்படி மறைந்த சார்கோமா இருக்கலாம் என்று கணக்கிட்டு எச்சரித்தது. 2017இல் அவர் காலமானார். லேப்ராஸ்கோப்பி என்றால் உறுப்பை எப்படி வெளியே எடுப்பீர்கள் என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு விஷயம் உண்டு. எடுத்த உறுப்பைக் கண்ணியமாக அடக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போய்விடுகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் பரிசோதனைக்கு முன் அடக்கிவிட்டால் நோயையும் சேர்த்து மறைத்துவிடுகிறோம். முதலில் லேபுக்குப் போகட்டும். மீதியைத் தருவார்களா என்று பிறகு கேட்கலாம்.

உதிரம் பத்து நாளுக்கு மேல் நீண்டால் தொழலாமா என்று ஆலிமாக்களிடம் கேட்கும் பெண்கள் நிறையப் பேர். இஸ்திஹாளா, உளூச் செய்து தொழுங்கள் என்று பதில் கிடைக்கும். அது மார்க்கத்தின் பதில்; உடம்புக்கு டாக்டரைத்தான் கேட்க வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் காட்ட வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும், தேவையானால் உட்சுவர்ச் சதைப் பரிசோதனையும் செய்துவிட்டால் பல புற்றுகள் அப்போதே தெரிந்துவிடும். பெண் டாக்டர் கிடைக்கவில்லை என்று வெட்கப்பட்டுத் தள்ளிப்போட வேண்டாம். நிர்ப்பந்தத்தில் ஆண் டாக்டரிடம் காட்ட அனுமதி உண்டு.

ரிப்போர்ட்டில் புற்று என்று வந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உட்சுவரில் ஆரம்ப நிலையில், வீரியம் குறைந்த வகையாக இருந்தால், செய்த ஆபரேஷனே போதும், தொடர்ந்து பார்த்துவந்தால் சரி என்று சொல்வதும் உண்டு. ஆழமாகப் போயிருந்தால் சினைப்பைகளையும் நெறிக்கட்டிகளையும் எடுக்க இன்னொரு ஆபரேஷனோ, கதிர்வீச்சோ தேவைப்படலாம். வாய்ப்பகுதிப் புற்றானால் கதிர்வீச்சோடு கீமோவும் சேரலாம். இதை முடிவுசெய்ய வேண்டியவர் புற்றுநோய் மருத்துவர். அவரிடம் காகிதத்தை மட்டும் கொண்டுபோனால் போதாது. லேபிலிருந்து ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும், ஆஸ்பத்திரியிலிருந்து ஆபரேஷன் குறிப்பையும் வாங்கிச் செல்லுங்கள். பிளாக் இருந்தால் மறுபடி சோதிக்கலாம்.

நமக்கு எட்டும் இடங்கள், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உதவி உண்டு. தறியை நம்பியிருக்கும் நம் வீடுகளில் பலருக்கு இந்தத் தகுதி இருந்தும் கார்டு இல்லை. ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. வருமானச் சான்று எடுத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு டிரஸ்ட் ஆபீசுக்கு வாருங்கள், விண்ணப்பத்தை நாங்கள் எழுதித் தருகிறோம். பிரிக்காத ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். பெண்கள் வந்தால் பேச நம் மகளிர் மதரஸா ஆலிமா உடனிருப்பார்.